புறக்கோட்டையில் கடையா, மண்டபத்தில் ஐஸா, வங்கியில் டாலரா?

லாத்தாவின் (அக்காவின்) வீட்டுக்காரர், என் மச்சான், துபாயிலிருந்து இந்த முறை திரும்பிப் போகும் எண்ணமில்லாமல் கீழக்கரைக்கு வந்திருக்கிறார். விசாவுக்கு இன்னும் சில மாதம் இருக்கிறது. ஒரு தடவை போய்க் கணக்கை முடித்துவிட்டு வரவேண்டும், அவ்வளவுதான். 2006-ல் போனவர். அப்போது ஒரு திர்ஹம் 12 ரூபாய் சொச்சம். 2025 டிசம்பரில் டாலர் 90 ரூபாயைத் தாண்டியபோது அதே திர்ஹம் 24.50-க்கு வந்துவிட்டது. "முதலாளி சம்பளம் ஏத்தாத வருஷம் ரூபா இறங்கி ஏத்திவிட்டுச்சு மாப்ளே" என்று சொல்லிச் சிரிப்பார்.

கையில் 3 லட்சம் திர்ஹம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கே போடுவது என்பதற்கு அவரிடம் மூன்று யோசனைகள். ஒன்று, கொழும்பு புறக்கோட்டையில் சொந்தக்காரர் நடத்தும் பலசரக்குக் கடையில் பங்கு. இரண்டாவது, மண்டபம் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனி. மூன்றாவது, பேசாமல் வங்கி. அடுப்படியிலிருந்து லாத்தா நான்காவதையும் சொன்னார், நகை. அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன், சேர்க்காமல் அந்த வீட்டில் சாப்பிட முடியாது.

மச்சான் கேட்ட கேள்வி வேறு. "கொழும்புல இந்த கவர்மெண்ட் நிக்குமா? இங்க எலெக்‌ஷன் வந்தா ரூபா என்னாகும்?" நான் மண்டபத்தில் நண்டு பதப்படுத்தி ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனிக்குக் கணக்கு எழுதுகிறவன். டாலர் ஏறினால் இறங்கினால் முதலாளியின் முகம் எப்படி மாறும் என்பதைத் தினமும் பார்க்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: அரசாங்கம் நிற்குமா விழுமா என்பதை வைத்து ஒரு பைசாகூட முடிவு செய்ய வேண்டாம். கேட்க வேண்டியவை வேறு இரண்டு. போட்ட பணத்தை நினைத்த நாளில் எடுக்க முடியுமா? வரும் வருமானம் எந்த நாட்டுக் காசில் வரும், செலவு எந்தக் காசில் போகும்?

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு ரொம்பத் தூரம் போக வேண்டியதில்லை. தனுஷ்கோடியின் கடைக்கோடி அரிச்சல்முனையில் நின்றால், கண்ணுக்கு எட்டாவிட்டாலும் கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில்தான் பாடம் இருக்கிறது.

2018 அக்டோபர் 26 அன்று இலங்கை ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, பிரதமர் ரணில் விக்ரமசிங்கவை நீக்கிவிட்டு மகிந்த ராஜபக்சவைப் பிரதமராக்கினார். ரணில் பிரதமரின் இல்லமான அலரி மாளிகையை விட்டுப் போக மறுத்தார். ஒரு நாட்டுக்கு இரண்டு பிரதமர். நாடாளுமன்றத்துக்குள் மிளகாய்த்தூள் வீசினார்கள். இதைவிட அரசியல் குழப்பம் வேண்டுமா? ஆனாலும் டாலர் 173 இலங்கை ரூபாயிலிருந்து ஆண்டுக் கடைசியில் 182-க்குத்தான் போனது. தரமதிப்பீட்டு நிறுவனங்கள் நாட்டின் மதிப்பெண்ணைக் குறைத்தன, கடன் வாங்கும் செலவு ஏறியது. புறக்கோட்டைக் கடைகள் திறந்தே இருந்தன.

2022-ல் நடந்தது வேறு. அதற்கான வேலை 2019 கடைசியிலேயே தொடங்கிவிட்டது. புது அரசாங்கம் வந்ததும் மதிப்புக்கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆக்கியது. வருமானம் விழுந்தது. பிறகு கொரோனா, சுற்றுலா படுத்தது. வெளியே புதுக்கடன் கிடைக்கவில்லை. டாலரை மிச்சம் பிடிக்க இறக்குமதிக்குத் தடை மேல் தடை போட்டார்கள். அதில் மஞ்சளும் ஒன்று. நம் கடற்கரைக்காரர்களுக்கு இந்தக் கதை தெரியும்: வேதாளை, மண்டபம் பக்கம் கடற்கரையில் கஞ்சா பிடிபடுவதுபோல மஞ்சள் மூட்டைகள் பிடிபட ஆரம்பித்தன. சாம்பாரில் போடுகிற பொருள் கடத்தல் பொருளானது. ஒரு நாட்டின் கஜானாவில் டாலர் தீர்கிறது என்பதைப் பொருளாதார அறிக்கைக்கு முன்னாலேயே தமிழ்நாடு போலீஸின் கியூ பிராஞ்சுக்காரர்களின் பறிமுதல் கணக்கு சொல்லிவிட்டது.

அடுத்து நடந்ததுதான் கவனிக்க வேண்டிய இடம். 2021 செப்டம்பரிலிருந்து இலங்கை மத்திய வங்கி, டாலருக்கு 200 ரூபாயைச் சுற்றித்தான் என்று விலையைப் பிடித்து வைத்தது. வெளியே உண்டியல்காரர், அதாவது வங்கி இல்லாமல் பணம் மாற்றிவிடுகிறவர், அதைவிடக் கூடுதலாகக் கொடுத்தார். குவைத்திலும் கத்தாரிலும் வேலை பார்த்த இலங்கைக்காரர்கள் என்ன செய்வார்கள்? வங்கி வழியாக அனுப்புவதை விட்டார்கள். 2020-ல் 710 கோடி டாலர் வந்த நாட்டுக்கு 2021-ல் 550 கோடி, 2022-ல் 380 கோடிதான் வந்தது. ஏற்றுமதிக்காரர்கள் வரவேண்டிய டாலரை வெளியிலேயே தாமதப்படுத்தினார்கள். இறக்குமதிக்காரர்கள் நாளைக்கு விலை ஏறும் என்று இன்றைக்கே வாங்கப் பார்த்தார்கள். யாரும் சதி செய்யவில்லை. அவரவர் வீட்டுக்கு நல்லதைத்தான் அவரவர் செய்தார்கள். எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்தால் வள்ளம் என்னாகுமோ அதுதான் ஆனது.

2022 மார்ச்சில் பிடியை விட்டார்கள். மே மாதம் டாலர் 360. புறக்கோட்டையில் 10 லட்சம் ரூபாய்க்குச் சரக்கு விற்றுக் காசாக வைத்திருந்தவரிடம் பிப்ரவரியில் 5,000 டாலர் இருந்தது. மே மாதம் அதே நோட்டுக் கட்டில் 2,800 டாலர்கூட இல்லை. ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுப்பதை நிறுத்துவதாக அறிவித்தார்கள். மார்ச் 22 அன்றே தனுஷ்கோடிக் கரையில் முதல் குடும்பங்கள் வந்து இறங்கிவிட்டன. மண்டபம் முகாம் மறுபடி நிறைய ஆரம்பித்தது. ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச நாட்டை விட்டு ஓடியது ஜூலை 13.

தேதிகளின் வரிசையைப் பாருங்கள். முதலில் காசு விழுந்தது, பிறகுதான் ஆட்சி. ஆட்சி கவிழ்ந்ததால் ரூபாய் விழுந்தது என்று டீக்கடையில் சொல்வார்கள். அங்கே தலைகீழாக நடந்தது. 2018-ல் காற்று பலமாக அடித்தும் நங்கூரம் பிடித்துக்கொண்டது. 2022-ல் நங்கூரமே இல்லை. நங்கூரம் என்பது கையிருப்பு டாலர். அந்த ஆண்டு மே மாதம் பயன்படுத்தக்கூடிய கையிருப்பு 5 கோடி டாலருக்கும் கீழே என்று அவர்களுடைய நிதியமைச்சரே சொன்னார். 5 கோடி டாலர் ஒரு நாட்டுக்குக் கைச்செலவுக்குக்கூடக் காணாது.

நம் பக்கத்துக்கு வருவோம். 2024 ஜூன் 4, மக்களவைத் தேர்தல் முடிவு. பாஜகவுக்குத் தனிப் பெரும்பான்மை இல்லை என்று தெரிந்ததும் சென்செக்ஸ் ஒரே நாளில் ஏறக்குறைய 6 சதவீதம் விழுந்தது. ரூபாய்? அரை சதவீதம்கூட இல்லை, 83.14-லிருந்து 83.53-க்கு நகர்ந்தது. ரிசர்வ் வங்கியிடம் அப்போது 65,000 கோடி டாலர் அளவுக்குக் கையிருப்பு இருந்தது. கூட்டணி ஆட்சி அமையும் என்று தெளிவானதும் பங்குச் சந்தையும் சில நாளில் ஏறிவிட்டது. ஆகவே மச்சானின் தேர்தல் கவலைக்கு என் பதில்: சட்டமன்றத் தேர்தலுக்கு ரூபாய் தூக்கத்தில்கூடப் புரண்டு படுக்காது. டெல்லித் தேர்தலுக்குக் கொஞ்சம் புரளும். நம் ரூபாயின் வியாதி திடீர் காய்ச்சல் இல்லை, மெல்லக் கரையும் வியாதி. 2014 நடுவில் 60, 2025 கடைசியில் 90. ஆண்டுக்குச் சராசரியாக மூன்றரை சதவீதம்.

ஆனால் கரன்சி அசையாமல் இருந்தாலும் முதலீடு உறைந்துபோகும். அதை எங்கள் கம்பெனியிலேயே பார்த்தேன். 2025 தொடக்கத்தில் முதலாளி ஒரு புதுக் குளிர் அறை கட்ட கொட்டேஷன் வாங்கினார். எங்கள் நண்டுச் சதையில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போகிறது. ஏப்ரல் 2 அன்று அமெரிக்கா இந்தியப் பொருளுக்கு 26 சதவீத வரி என்றது. ஒரே வாரத்தில் அதை நிறுத்திவைத்து 10 மட்டும் என்றது. ஆகஸ்ட் 7-ல் 25. ஆகஸ்ட் 27-ல் 50. ஒவ்வொரு முறையும் முதலாளி கொட்டேஷனை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி மேசையில் வைத்தார். முதல் நாளே 50 என்று சொல்லியிருந்தால் அவர் வேறு நாட்டு பார்ட்டியைத் தேடியிருப்பார், அல்லது குளிர் அறையே வேண்டாம் என்றிருப்பார். எதுவானாலும் ஒரு முடிவு. நாளைக்கு எண் மாறலாம் என்று தெரிந்தபோது காத்திருப்பதுதான் மலிவு. கட்டடம் கட்டுகிறவருக்கும் கம்ப்ரசர் விற்கிறவருக்கும் நண்டு உரிக்க வரவேண்டிய இன்னும் பத்துப் பெண்களுக்கும் வேலை தள்ளிப்போனது. அந்த ஆண்டு ரூபாய் 5 சதவீதம் போல இறங்கியது ஏற்றுமதிக்காரருக்கு லாபம்தானே என்று சிலர் கேட்டார்கள். 50 சதவீத வரிக்கு முன்னால் 5 சதவீத லாபம் பட்டப்பகலில் ஏற்றிய டார்ச் லைட்.

சரி, மச்சானின் பணத்துக்கு வருவோம்.

புறக்கோட்டை

கீழக்கரைக்காரருக்குக் கொழும்பு வெளிநாடே இல்லை. வாப்பா காலத்தில் அரிசி மண்டி, பாட்டனார் காலத்தில் சங்கு வியாபாரம் என்று ஏதாவது ஒரு கதை எல்லா வீட்டிலும் உண்டு. அதனால்தான் இது ஆபத்தான யோசனை. கணக்குப் பார்க்க வேண்டிய இடத்தில் பாசம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இன்றைய நிலைமை 2022 மாதிரி இல்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் 300 கோடி டாலர் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2022 செப்டம்பரில் 70 சதவீதத்தைத் தொட்ட கொழும்பு விலைவாசி உயர்வு, இரண்டு வருடத்தில் பூஜ்யத்துக்கும் கீழே போனது. 2024 ஜனாதிபதித் தேர்தலில் அநுர குமார திசாநாயக்க ஜெயிப்பார் என்றதும் இடதுசாரி வந்தால் எல்லாம் கவிழும் என்று பயந்தவர்கள் நிறைய. அவர் செப்டம்பரில் ஜெயித்தார், நவம்பரில் அவருடைய அணி நாடாளுமன்றத்தில் 225-ல் 159 இடம் பிடித்தது, நாணய நிதியத் திட்டத்தை அப்படியே தொடர்ந்தார். ரூபாய் விழவில்லை; ஆண்டு முடிவில் டாலர் 293-க்கு இருந்தது. ஆள் மாறினாலும் விதி மாறவில்லை, அதனால் சந்தை அசரவில்லை.

அப்படியானால் போடலாமே என்றால், எனக்கு உதைக்கிற இடம் வேறு. அந்த நாட்டுச் சட்டம் சில்லறைக் கடையில் வெளிநாட்டவரைச் சின்ன முதலோடு உள்ளே விடுவதில்லை. எனவே மச்சானின் பங்கு சொந்தக்காரர் பெயரில்தான் இருக்கும், வாய்மொழிப் பங்கு. நல்ல காலத்தில் வாய்மொழி போதும். டாலர் தட்டுப்பாடு வந்து, வெளியே பணம் அனுப்பக் கட்டுப்பாடு போட்ட அன்று, பேப்பரில் இல்லாத பங்கை எந்த வங்கி வழியாக எடுப்பீர்கள்? அவர் நல்ல மனிதர், ஏமாற்ற மாட்டார். ஆனால் அவரால் முடியாது என்று ஒரு நிலை வரும், அதைத்தான் சொல்கிறேன். வருமானம் இலங்கை ரூபாயில், லாத்தாவின் வீட்டுச் செலவு இந்திய ரூபாயில். மஞ்சளுக்கு வந்த தடை நாளைக்கு வேறு சரக்குக்கும் வரலாம்.

கொழும்பு வியாபாரம் வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டால் பங்குக்குப் பதில் சரக்கு அனுப்பட்டும். முறையான இன்வாய்ஸ், வங்கி வழிப் பணம், இரண்டு மாதத் தவணை. பணம் வந்த பிறகு அடுத்த லோடு. கெட்டால் ஒரு லோடு கெடும், அதோடு போகும்.

ஐஸ்

"இது நம்ம ஊரு, ஐஸுக்கும் அரசியலுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் மச்சான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஐஸ் வாங்குகிறவர் யார்? பெரும்பாலும் விசைப்படகுக்காரர். அவருடைய தொழிலில் பாதி அரசியல். 1974-ல் கச்சத்தீவு இலங்கைக்குப் போனது. 2017-ல் இலங்கை நாடாளுமன்றம் கடலடியை வாரும் இழுவை மடிக்குத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. இலங்கைக் கடற்படையிடம் படகு பிடிபட்டால் முன்பு பேச்சுவார்த்தையில் திரும்பி வரும். இப்போது அரசுடைமை ஆகிறது. ஒரு நாள் ராத்திரி சிலபேரைப் பிடித்தால் மறுநாளிலிருந்து வேலைநிறுத்தம். கடலுக்குப் போகாத நாளில் ஐஸ் கட்டியை யார் வாங்குவது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் வேறு; அது தெரிந்த செலவு, கணக்கில் எழுதிவிடலாம். வேலைநிறுத்தத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? பாம்பனில் புயல் கூண்டு ஏற்றுவதுபோல இதற்கு முன்கூட்டியே கூண்டு ஏற்றுவார் யாரும் இல்லை.

கரன்சி விஷயத்தில் ஐஸ் சுத்தமானது: வரவும் செலவும் இந்திய ரூபாய். மாட்டிக்கொள்வது இன்னொரு இடத்தில். அம்மோனியா கம்ப்ரசர், தொட்டி, மின் இணைப்பு, கட்டடம். கடைச் சரக்கை ஒரு மாதத்தில் விற்றுக் கையைக் கழுவலாம். ஓடாத ஐஸ் கம்பெனியை வாங்குகிறவர் பழைய இரும்பு விலைதான் கேட்பார். இந்தக் கடலில் கப்பல் போகக் கால்வாய் வெட்டும் சேது சமுத்திரத் திட்டத்தை 2005 ஜூலை 2 அன்று மதுரையில் தொடங்கி வைத்தபோது இந்தக் கடற்கரையில் எத்தனை கனவு. 2,427 கோடி ரூபாய்த் திட்டம். இரண்டு வருடத்தில் வழக்கு, நீதிமன்றத் தடை, பிறகு தூர்வாரும் கப்பல்களும் போய்விட்டன. கப்பல் வரும் என்று நினைத்து வாங்கிய மனைகளில் இன்றைக்கும் சீமைக் கருவேலம்தான்.

ஆனால் ஐஸை முழுக்க ஒதுக்கவும் மனமில்லை. நண்டுக்கும் கணவாய்க்கும் நாட்டுப்படகுக்காரரும் ஐஸ் வாங்குகிறார், எங்கள் கம்பெனியும் வாங்குகிறது. புதிதாகக் கட்டுவதற்குப் பதில், ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து ஒரு சீசன் நடத்திப் பார்க்கலாம். லாபம் குறையும், உண்மை. அந்தக் குறைவு, வேண்டாம் என்றால் சாவியைத் திருப்பிக் கொடுக்கும் உரிமைக்குக் கொடுக்கிற விலை.

வங்கி, நகை

வெளிநாட்டில் வாழும் இந்தியருக்கு வங்கியில் இரண்டு வழி. ரூபாயில் என்.ஆர்.இ. டெபாசிட், அல்லது டாலரிலேயே எஃப்.சி.என்.ஆர். டெபாசிட், பின்னது 1 முதல் 5 ஆண்டு வரை. ரூபாய்க்கு ஆறரை, டாலருக்கு நாலரை சதவீதம் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் 2. ரூபாய் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் டாலர் ஜெயிக்கும், குறைவாக இறங்கினால் ரூபாய் ஜெயிக்கும். நீண்ட காலச் சராசரி டாலர் பக்கம். ஆனால் 2022 அக்டோபரிலிருந்து இரண்டு வருடம் ரூபாய் 83-ஐச் சுற்றியே உட்கார்ந்திருந்தது. அந்த இரண்டு வருடம் டாலரில் வைத்தவர் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். எஃப்.சி.என்.ஆர். என்றால் ஊருக்கு மொத்தமாகத் திரும்புவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். ஒரு வருடத்துக்குள் உடைத்தால் வட்டி கிடையாது.

வட்டி என்றதும் மச்சான் கையை உயர்த்திவிட்டார். "அது நமக்கு ஆவாது." அதில் நான் வாதம் செய்வதில்லை. வட்டி வேண்டாதவருக்கும் வழி இருக்கிறது. வெளிநாட்டில் குடியிருந்தபோது சம்பாதித்ததை அங்கேயே வைத்திருக்க நம் அந்நியச் செலாவணிச் சட்டம் இடம் தருகிறது. இங்கே கொண்டுவந்தாலும், திரும்பி வந்தவர்களுக்கென்று உள்ள ஆர்.எஃப்.சி. கணக்கில் டாலராகவே, நடப்புக் கணக்காகப் போட்டு வைக்கலாம். வட்டி வராது, ரூபாய் இறங்கினால் அந்த வித்தியாசம் வரும். வரி விவரத்தை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும், நான் நண்டுக் கணக்குக்காரன்.

லாத்தாவின் யோசனையை நான் கிண்டல் செய்யவில்லை. தங்கத்துக்கு உலகச் சந்தையில் விலை டாலரில். ரூபாய் இறங்கினால் பவுன் தானாக ஏறும். 2025 தொடக்கத்தில் 57,000 ரூபாய் சுற்றி இருந்த பவுன், ஆண்டு முடிவதற்குள் ஒரு லட்சத்தைத் தாண்டியது. உலகத்தில் எங்கே ஆட்சி ஆடினாலும் நம் ஊர்ப் பெட்டியில் இருக்கும் வளையல் கொஞ்சம் கனக்கிறது. கழுத்தில் டாலர் போட்டுக்கொண்டு நடக்கிறோம் என்று தெரியாமலே நம் பெண்கள் இதைப் பல தலைமுறையாகச் செய்கிறார்கள். ஆனால் இப்படி ஏறிய பிறகு மொத்தப் பணத்தையும் அதில் கொட்டுவது எனக்குப் பயம். 2013-க்குப் பிறகு சில வருடம் தங்கம் படுத்தே கிடந்ததும் நினைவிருக்கிறது. நகையாக வாங்கினால் செய்கூலி, சேதாரம் வேறு.

நான் சொன்ன பங்கீடு இது. இரண்டு வருட வீட்டுச் செலவும் மகளின் படிப்பும் சேர்த்து 80,000 திர்ஹம் வரும். அதை இப்போதே ரூபாயாக்கிவிட வேண்டும். சாப்பாட்டுக் காசில் டாலர் ஏறுமா என்று சூதாடக் கூடாது. ஒன்றரை லட்சம் டாலராகவோ திர்ஹமாகவோ அசையாமல் இருக்கட்டும். 30,000-க்கு லாத்தா நகையாக இல்லாமல் தங்கக் காசாக வாங்கிக்கொள்ளட்டும். மிச்சம் 40,000 திர்ஹம், கிட்டத்தட்ட 10 லட்சம் ரூபாய், ஐஸ் குத்தகைக்கு. புறக்கோட்டைக்கு இப்போதைக்கு சலாம் மட்டும்.

மச்சானுக்கு முழுத் திருப்தி இல்லை. ஒன்றரை லட்சம் சும்மா கிடப்பது அவருக்கு உறுத்துகிறது. பத்தொன்பது வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்தவர், காசு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஆனாலும் மறுநாள் காலை என்னோடு மண்டபம் வந்தார். ஐஸ் கம்பெனிக்காரரிடம் ஒரு வருடக் குத்தகை கேட்டோம். அவர் மூன்று வருடம் என்றார். மச்சான் தொட்டியைச் சுற்றி வந்து, கம்ப்ரசர் சத்தத்தைக் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "தடைக்காலம் முடியட்டும், ஜூன் பதினஞ்சுக்கு மேல பேசுவோம்" என்றார். வெளியே வந்ததும் போனை எடுத்து அன்றைய திர்ஹம் விலையைப் பார்த்தார்.